மேட்டுக் கொல்லையில் தார்

மதகடிப்பட்டு,
மார்கழி 20.

அன்புள்ள தம்பி புகழ்வேந்தனுக்கு, அக்கா கல்பனா எழுதுவது. இங்கே மாமாவும் பிள்ளைகளும் நலம்தான். அமெரிக்காவில் நீ, பிரவீணா, பாப்பா எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நேற்று நம் ஊர் செல்லிப்பட்டுக்குப் போனேன். நம் மேட்டுக் கொல்லையில் மனைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, தார் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புகழ் நகராம்! நீ விற்றுவிட்டாய் என்று ரோடு மேஸ்திரி அன்புராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் ஊரான் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

அங்கே அப்பா மோட்டாருக்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்த பழங்காலத்து எலும்பைப் பார்த்துத்தானே நீ இந்தப் படிப்புக்கே போனாய்? இப்போது தார்க் குழியில் சிக்கிச் செத்த ஓநாய்களையும் யானைகளையும் எலும்பு எலும்பாக எடுத்துத் துடைக்கிறாய். பூமியிலேயே இல்லாமல் போன ஜாதி, தார் மூடியதால்தான் கெடாமல் இருக்கிறது என்று போட்டோ அனுப்புவாய். நானும் தெருவெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

அப்பா காரியம் முடிந்த கையோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டாய். நம் பக்கம் அக்கா தங்கச்சிகள் ஒரு பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு போட்டுவிடுவார்கள். எனக்குப் புடவை வேண்டாம், அந்தக் கொல்லையில் எலும்பாகக் கிடக்கும் ஜீவனை முழுசாக எடுத்துப் பாதுகாத்து வை, அதைப் பத்திரத்தில் எழுது என்றேன். "நமக்குள்ள எழுதி இன்னாக்கா ஆவப்போவுது? நானே தோண்டி அப்பா பேர்ல வெக்கிறேன்" என்றாய். நம்பிப் போட்டேன்.

கால்வாய்க்குத் தோண்டும்போது பெரிய பெரிய எலும்பாக வந்ததாம். எலும்பு படித்தவர் ஆயிற்றே என்று அன்புராஜ் வேலையை நிறுத்தி, படம் எடுத்து உனக்கே அனுப்பினாராம். "மாட்டு எலும்புதாம்பா, மூடிட்டு வேலயப் பாரு" என்றாயாம். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியுமே, பாவி! நிலத்தை விற்றதைக்கூட விட்டுவிடுவேன். தெரிந்தே சொன்ன இந்தப் பொய்யை என்னால் விழுங்க முடியவில்லை.

பொங்கலுக்குச் சீர் அனுப்பாதே. வாங்கவும் மனசில்லை, திருப்பி அனுப்பவும் மனசில்லை.

பின்பக்கம் இரண்டு மனை நீளத்துக்கு ரோட்டில் இன்னும் தார் ஊற்றவில்லை. அன்புராஜுக்கு ஒரு போன் போட்டு, அது மாடு இல்லை என்று மட்டும் சொல். நிலத்தைக் கேட்கவில்லை. நீ நல்லா இருக்கணும். உன் பாப்பா வளர்ந்து ஏதாவது கேட்டால், நீ சொல்வதை அவளாவது நம்பும்படி இருக்கணும்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா,
கல்பனா.