அம்மாவின் நம்பரைக் கேட்ட வைஃபை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். முதலில் நல்ல செய்தி: மாநிலக் கபடி அணிக்கு என்னை எடுத்துவிட்டார்கள்.

இன்று சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனோம். என் அறைத்தோழி அன்புமொழி தன் அக்கா போனை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். அணிப் பட்டியலைப் பார்க்கும் அவசரத்தில், பாஸ்வேர்டு கேட்காத ஏதோ ஒரு வைஃபையில் இணைத்தேன். அது போன் நம்பர் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் நம்பர்தான், போட்டுவிட்டேன். அடுத்து பேங்க் பெயரைக் கேட்டது.

"வைஃபைக்கு எதுக்குடி பேங்க் பேரு? கூறு கெட்டவளே" என்று அன்புமொழி போனைப் பிடுங்கி வைஃபையை அணைத்தாள். பிறகு அந்தப் போனின் சொந்த நெட்டிலேயே பட்டியலைப் பார்த்தோம். என் பெயர் இருந்தது. அங்கேயே குதித்தேன்.

உன் நம்பர் எந்தத் திருடன் கைக்குப் போனதோ என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது. யார் போன் செய்து எதைக் கேட்டாலும், "ஆபீஸ்ல இருந்து கேக்குறாங்க, சொல்லாட்டி மரியாத இல்ல" என்று சொல்லிவிடுவாயே. ஹாஸ்டலில் ஞாயிறுதான் போன் தருவார்கள். அதனால் காலையில் பொன்னமராவதி பஸ் கண்டக்டர் அருள்தாஸ் மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் போனுக்கு வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதே. இலக்கியாவுக்காகக் கேட்கிறோம் என்றாலும் சொல்லாதே. என்னைப் பார்க்க வரும்போது உன் பழைய சேலை ஒன்று எடுத்து வா, இந்தப் போர்வை குத்துகிறது. நான் கேட்பது அது மட்டும்தான்.

வார்டன் வருகிறார்.

உன் மகள்,
இலக்கியா