அனுமதிக்குக் காத்திருந்த கருத்து

அன்புள்ள அக்கா,

நடந்ததை ஒன்று விடாமல் உள்ளபடியே எழுதுகிறேன். வலைப்பூவில் பதில் போட்டால் எல்லோரும் படிப்பார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

இன்று கணினி டீச்சர் வலைப்பூ தொடங்கக் கற்றுத் தந்தார். பெயர் வைத்து, நமக்குத் தெரிந்ததை எழுதி, ‘வெளியிடு’ என்பதை அழுத்த வேண்டும். மற்றவர்கள் எழுதும் கருத்து, நாம் அனுமதித்தால்தான் உள்ளே வரும். நான் நம் அறையைப் பற்றி எழுதினேன். படிக்க அழகாக இருக்குமே என்று, ஜன்னலோரக் கட்டில் உன்னுடையது என்று எழுதிவிட்டேன்.

மாலையில் உன் பெயரில் ஒரு கருத்து காத்திருந்தது.

“புளுகாதேடி, குட்டி வாத்தியாரம்மா! என்னோடது சுவரோரம்தானே? நான் வரட்டுமா?”

அந்தப் பட்டப்பெயர் நம் இருவருக்கு மட்டுமே தெரியும்.

“எவனோ விளையாடுறான், அழிச்சுடும்மா,” என்று அப்பா வாசலில் நின்றே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து உன் செருப்பை மட்டும் கொண்டுவந்த நாள் முதல் அவர் இந்த அறைக்குள் வருவதில்லை.

அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். “அழிச்சேன்னா உன்னோட பேசவே மாட்டேன். அவளை வரச் சொல்லுடி.”

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், நீ கேட்டாய் என்று அனுமதித்துவிட்டேன்.

இப்போது மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறி வருகிறார்கள். அப்பா அறைக்குள் வந்து என்னை ஒட்டி நிற்கிறார்.

“அவளுக்குக் கண் கூசும்,” என்று சொல்லி அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் தங்கை