மைனஸ் ஒரு ஆம்பியர்

செல்ல வாலுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் அவளுடைய முழங்கால் வலியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே வெளிநாட்டுக் குளிரில் நீயும் உன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சளியும் எப்படி என்று எழுது. முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் உன் அப்பா பரீட்சையில் பெயிலாகிவிட்டான். அதுவும் எலெக்ட்ரிக் சர்க்யூட் பரீட்சையில். பல்பு மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆளுக்கு இந்த ஆசை எதற்கு என்று கேட்பாய். எல்லாம் உன்னால்தான். கூட வேலை செய்யும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன், அவங்க அம்மாகூட நம்ம ஊர்தான், தொழிற்கல்லூரியில சாயங்கால வகுப்புல கரண்ட் பாடம் எடுக்கிறாங்க, நீங்க பதில் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து தூங்காதவள் உன் அம்மா. பையனைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, நீ பார்த்துக்கொள்வாய் என்கிறாள். மாமியார் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் தலையாட்ட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், அதுவும் வலி இருக்கிற காலில். நேரில் போய்ப் பேசிவிட்டு வரலாமே என்றேன். சொல்லிட்டுப் போனா எல்லாரும் நல்லவங்கதான், சொல்லாம போய்ப் பாருங்க என்றாள். ஒரு டீச்சரைச் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வேண்டுமென்றால் அவரிடம் மாணவனாகச் சேர்வதைவிட வேறு வழி உண்டா? மூக்குக்கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுக் கிளம்பினேன். கரண்ட் பாடம் எடுக்கிற அம்மா எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டேன், கடைசி ரூம் என்றார். வராந்தாவின் கடைசியில் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் மோட்டார்களைக் குடல் வேறு தலை வேறாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் மெலிந்த ஓர் அம்மா பலகையில் பேட்டரிப் படம் வரைந்துகொண்டிருந்தார். கரண்ட் என்றால் பேட்டரிதானே என்று நுழைந்து, பேர் கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைத் தவிர எல்லாருக்கும் மீசை புதுசு. வந்த அன்றே நான் அங்கிள் ஆகிவிட்டேன்.

பாடம் என்னவோ முதலில் எளிதாகத்தான் இருந்தது. பல கம்பிகள் கூடுகிற இடத்துக்கு நோடு என்று பேராம், அங்கே எவ்வளவு கரண்ட் உள்ளே வருகிறதோ அவ்வளவும் வெளியே போய்விட வேண்டுமாம், ஒரு சொட்டு தங்கக் கூடாதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தெருவில் யார் வீட்டுச் செய்தி வந்தாலும் அப்படியே முழுசாக வெளியே அனுப்பிவிடுகிற உன் அம்மாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் அல்லவா. அடுத்து, இரண்டு பேட்டரி சேர்ந்து வேலை செய்தால் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற முறை. ஒரு பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போட்டு மற்றதை மட்டும் அளக்க வேண்டும், பிறகு மாற்றிச் செய்து, கடைசியில் இரண்டையும் கூட்ட வேண்டும். நான் கம்பியைப் போட்டேன், பேட்டரியை எடுக்க மறந்துவிட்டேன். புகை. எதிர் அறையிலிருந்து மோட்டார் டீச்சர் ஓடிவந்து மர ஸ்கேலால் கம்பியைத் தட்டிவிட்டு, கட்டடமே அதிரச் சிரித்தார். என் பசங்க மோட்டாரையே எரிச்சாக்கூட இவ்வளவு வாசனை வராது சார் என்றார். அதோடு விட்டாரா? தினமும் வராந்தாவில் என்னைப் பார்த்ததும், இன்னிக்கு எதைக் கொளுத்தப் போறீங்க என்று அந்தக் கடைசிக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். அந்த அம்மா மட்டும் சம்பந்தியா வாய்ச்சிருந்தா நான் சாமியாராப் போயிருப்பேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். சாமியார் மடத்துல பல்பு யாரு மாத்துவாங்க என்றாள்.

நம் டீச்சரோ நேர்மாறு, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் தப்பாகச் சொன்னாலும், நல்லது, எங்க தப்புன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு என்பார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி மட்டும் லூசாக இருந்தது, நானே திருகிக் கொடுத்தேன். பரீட்சை வைத்தார். எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டேன், விடைகளில் பாதி மைனஸில் வந்தது. கரண்ட் எப்படி ஒன்றுமில்லாததற்கும் கீழே ஓடும் என்று ஒவ்வொரு மைனஸையும் அக்கறையாக அழித்துவைத்தேன். நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் மைனஸ் பவர் எழுதித் தருகிறவனுக்கு வந்த புத்தியைப் பார். பெயில். மறுநாள் பலகைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜன்னல் மாதிரி ஒரு சர்க்யூட். இடது ஓரம் பத்து வோல்ட் பேட்டரி, வலது ஓரம் இருபது, ஒவ்வொன்றோடும் இரண்டு ஓம், நடுச்சட்டத்தில் நாலு ஓம். ஜன்னலுக்கு ஓர் அம்பு போட்டு, கரண்ட் கடிகார முள் போலச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு ஒரு சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டும். தீர்த்தேன். இடது பக்கம் மைனஸ் ஒரு ஆம்பியர். கை தானாக அழிக்கப் போனது. அழிக்காதீங்க சார் என்றார். நாம அம்பைத் திருப்பிப் போட்டுட்டோம்னு சர்க்யூட் நமக்குச் சொல்லுது, அவ்வளவுதான், எந்தப் பக்கம் போட்டு ஆரம்பிச்சாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, நம்பர் சரிதான் என்றார். இந்தச் சின்ன பேட்டரி தான்தான் கொடுக்கிறதா நினைச்சிட்டிருக்கு, உண்மையில பெரிய பேட்டரிகிட்டேருந்து வாங்கிட்டிருக்கு என்று அதையும் காட்டினார். வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவுக்கு விளக்கினேன். நம்ம வீட்டு விஷயத்தைக் கண்டுபிடிக்க நீங்க காலேஜ் வரைக்குமா போகணும் என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அன்று படுக்கும்போது இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். பெயிலானவனையும் தலைகுனிய விடாமல் பலகைக்குக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்கிறவர், வீட்டுக்கு வருகிற மருமகளை நோகடிக்க மாட்டார். ஆகவே, எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம். பேனாவால் எழுதுகிறேன், இனி என்ன தெரியவந்தாலும் இதை அழிப்பதாக இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கு.

பையனைக் கேட்டதாகச் சொல். இருவரும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். ராத்திரி ஆவி பிடி. ஈரக்கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடாதே, இப்போது இதை நான் விஷயம் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டின் சின்ன பேட்டரி,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று கடைசி வகுப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், உங்க பையன் சௌக்கியமா டீச்சர் என்று கேட்டுவிட்டேன். எனக்கு ரெண்டும் பொண்ணுங்களாச்சே சார், வெளிநாட்டுல பையன் இருக்கிறது எதிர் ரூம் மோட்டார் டீச்சருக்கு என்றார்.