அரிசிப் பானையில் போட்ட கடிகாரம்

அக்கா,

இன்று காலை என் மகள் செருப்பு மாட்டிக்கொள்ள நான்கு நிமிஷம் இருபது விநாடி எடுத்துக்கொண்டாள். மாட்டியதும் தப்பு. இடது கால் செருப்பு வலது காலில், வலது கால் செருப்பு இடது காலில். அப்படியே வாத்து மாதிரி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் ஆலையின் ஸ்டாப்வாட்ச் இருந்தது. எனக்கே தெரியாமல் கை அதை அமுக்கியிருக்கிறது. நான்கு நிமிஷம் இருபது விநாடி என்று துல்லியமாகச் சொல்வது அதனால்தான்.

அதை வெளியே எடுத்துப் பார்த்தபோது வாசற்படியில் நீ நின்று கையை நீட்டுகிற மாதிரி இருந்தது. "குடுடா அத்த இங்க."

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள். பதினெட்டு நாளில் முடிந்தது. நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை, அழுவதற்காக இதை எழுதவும் இல்லை. எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். உன்னைப் பற்றி ஒரு ரிப்போர்ட் பாக்கி இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான் பாதிக்கு மேல். இருந்தாலும் எழுதியே தீரவேண்டும்.

நீ என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். நான் பிறந்த மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். விடிந்தால் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு எளாவூர் பக்கம் நடந்துவிடுவார். ஐந்தாம் வகுப்போடு உன் படிப்பை நிறுத்தி என்னைத் தூக்கி உன் இடுப்பில் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் அதைத் தியாகம் என்பார்கள். நீ ஒரு நாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "எனக்குப் பள்ளிக்கூடம் புடிக்கல. உன்னை மேய்க்கிறது புடிச்சிது" என்பாய். முப்பத்து நான்கு வயதில் நீ மறுபடி புத்தகத்தை எடுத்தபோதுதான் அந்த வாக்கியத்தில் முதல் பாதி பொய் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கு மேற்கே ஒவ்வொன்றாகத் தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு, கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு டைம் ஸ்டடி வேலை கிடைத்தது. ஒரு தொழிலாளி கம்பியை எடுக்க எத்தனை விநாடி, சுருட்ட எத்தனை விநாடி என்று பக்கத்தில் நின்று அளக்கிற வேலை. என்னைக் கண்டாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அது கௌரவமாக இருந்தது. அப்பாவும் காலமாகிவிட்டிருந்ததால் உன் வீட்டில்தான் இருந்தேன். ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டும் மாமா, பள்ளிக்குப் போகும் உன் இரண்டு பிள்ளைகள், நான்.

ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாய்.

"ஏண்டா, குப்பத்தாண்ட பால்வாடி தொறக்கறாங்களாம். டீச்சர் வேணுமாம். எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணுமாம்."

"நீ அஞ்சாவது."

"அது எனக்குத் தெரியாதா? எட்டாவது பரீட்சைய ஊட்லயே படிச்சு எழுதலாமாமே."

"எழுதலாம். ஆனா முப்பத்தஞ்சு தாண்டுனா வேலைக்கு எடுக்க மாட்டாங்க. உனக்கு ஒரே ஒரு பரீட்சைதான் கிடைக்கும்."

"ஒண்ணு போதும். எத்தினி தரம் பாஸ் பண்ணுவாங்க?"

மாமா சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

தமிழையும் சரித்திரத்தையும் நீயே அடுப்படியில் உருப்போட்டாய். கணக்கு என் பொறுப்பு. முதல் நாளே தகராறு. ஆறு ஆட்கள் எட்டு நாளில் முடிக்கும் வேலையை நான்கு ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று படித்தேன். நீ பென்சிலைக் கீழே வைத்தாய்.

"இன்னா வேலைடா?"

"எந்த வேலையா இருந்தா இன்னா?"

"நாத்து நடறதா, மூட்டை தூக்கறதா? ஆளுங்க ஆம்பளையா, பொம்பளையா? அதுல ஒருத்தி கைப்புள்ளக்காரின்னா?"

"அக்கா, இது கணக்கு."

"கணக்குன்னா புள்ள பால் கேக்காதா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து வாட்சைப் பாயில் வைத்து அளக்க ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, கணக்கு, நிமிஷம் என்று எழுதினேன். மாமா வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னாய்யா வாத்தியாரே, மிஷினுக்குப் பாக்கற மாதிரி என் பொண்டாட்டிக்கும் டைம் பாக்கறியா? எண்ணெய் கிண்ணெய் போட்டுப் பாரேன், ஸ்பீடு வரும்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சாதாரணப் பின்னக் கூட்டலுக்கு நீ பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டாய். விடையும் தப்பு. நான் நோட்டை மூடினேன்.

"விட்டுடுக்கா. எதுக்கும் ஒரு வயசு கீது. உனக்கு அது தாண்டிடுச்சு. இனிமே இதெல்லாம் மண்டையில ஏறாது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா பேப்பரைத் தாழ்த்தினார். நீ கோபப்படவில்லை. பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"உனக்குப் பேச்சு எத்தினி வயசுல வந்துச்சு, தெரியுமா?"

"எல்லாருக்கும் வர்ற வயசுலதான். ஒண்ணு, ஒண்ணரை."

"மூணே முக்கா. அது வரைக்கும் உன் வாயிலேருந்து ஒரு சொல்லு வரல. ஊமைன்னு தெருவே முடிவு கட்டிடுச்சு. அந்த மாதிரி புள்ளைங்களுக்குப் பட்டணத்துல பள்ளிக்கூடம் கீதான்னு அப்பா விசாரிச்சுக்கினு இருந்தாரு. நான் எந்த வாட்ச்லடா பாத்துக்கினு இருந்தேன்?"

என் மூளை வேகமான மூளை என்று ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அப்படி எனக்குச் சொன்னதே நீதான். "என் தம்பிக்கு ஒரு தரம் சொன்னா போதும்" என்று வாத்தியார்களிடமும் அக்கம்பக்கத்திலும் நீ சொல்லிச் சொல்லி, அதை நானும் நம்பி, நம்பியதாலேயே படித்துவிட்டேன் போலிருக்கிறது. இருபது வருஷம் இந்த விஷயத்தை என்னிடம் மறைத்து வைத்திருந்தாய்.

மிச்சத்தை மாமாதான் சொன்னார். அவர் நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு வீடு தள்ளி இருந்தவர். "நாள் முழுக்க உன்கிட்ட பேசிக்கினே இருப்பாய்யா இவ. 'இப்ப உலை வெக்கிறேன், இப்ப அரிசி களையறேன், அதோ பார் கூட்ஸு போவுது, எத்தினி டப்பா, எண்ணலாமா'ன்னுட்டு. கேட்டுட்டு சும்மா நிப்பா, நீ பதில் சொல்றதுக்கு. நீ திருதிருன்னு முழிப்ப. 'ஆமாண்டா, சரியா சொன்ன'ன்னுட்டு அடுத்ததுக்குப் போவா. குவார்ட்டர்ஸே சிரிக்கும், ஊமைக்குக் கதை சொல்றா பாருன்னு."

"சொல்லுன்னு ஒரு தரம்கூடக் கேக்கல அவனை" என்றாய் நீ.

"மொத மொதல்ல நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டேன்.

நீயும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். "தட்டை எடுத்துக்கினு வந்து என் எதுர்ல நின்னு, 'சோறு ஆச்சா இல்லியா?'ன்ன. முழு வாக்கியமா. வாயத் தொறந்ததே அவசரத்துக்குத்தான். இதோ ஆச்சுடான்னு சோத்தைப் போட்டுட்டு, பின்னாடி போயி கொஞ்ச நேரம் நின்னுக்கினு இருந்தேன்."

அப்புறம்தான் பாயில் ஓடிக்கொண்டிருந்த வாட்சை எடுத்தாய். நேராக அடுக்களைக்குப் போய் அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாய். "காத்தால ஷிஃப்டுக்குப் போவ சொல்ல எடுத்துக்க. இந்த ஊட்டுக்குள்ள இது ஓடக்கூடாது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. மறுநாள் ஒரு கட்டு பென்சிலைச் சீவி உன் புத்தகத்தின் மேல் வைத்தேன். நீ அதில் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாய். அன்றிலிருந்து நான் வாசலில் நுழையும்போதே உன் கை நீளும். வாட்ச் பானைக்குப் போகும். ஆலையில் அதை முகத்தருகே கொண்டுபோனால் தவிட்டு வாசனை அடிக்கும். சூப்பர்வைசர் ஒரு நாள் பட்டனைச் சுற்றியிருந்த தவிட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேன் இது, ரைஸ் மில்லுல பார்ட் டைம் போறியா?" என்றார்.

பரீட்சை பொன்னேரியில். ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நீ நின்றாய், தலையில் கனகாம்பரத்தோடு. வாசலில் நின்ற வாத்தியார், "புள்ளைய விட்டுட்டு வெளிய நில்லும்மா" என்றார். நீ ஹால் டிக்கெட்டை நீட்டி, "நான்தான் சார் புள்ள" என்றாய்.

கணக்குப் பரீட்சையன்று எதிரே மரத்தடியில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள். நீ வரவில்லை. பாதி ஹால் காலியானது. நீ வரவில்லை. ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்றே முடிவு கட்டினேன். இந்த ஒரு பரீட்சை போனால் அடுத்தது கிடையாது. கடைசி மணி அடித்த பிறகுதான், கடைசி ஆளாக, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாய்.

"இவ்ளோ நேரம் இன்னாக்கா பண்ண?"

"ஒவ்வொரு கணக்கையும் மூணு தரம் போட்டேன். குடுத்த நேரத்தை எதுக்குடா திருப்பிக் குடுக்கணும்?"

ஜெயித்தாய். கணக்கில் நாற்பத்தேழு. ரிசல்ட் பார்த்துக்கொண்டு வந்த மாமா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து நிரம்ப ஒரு மாதம் இருக்கும்போது பால்வாடியில் உட்கார்ந்தாய்.

அங்கே நீ என்ன செய்தாய் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. நான் ஒரு தரம்தான் வந்தேன். ஏரியிலிருந்து வந்த ஈரக் காலோடு ஒரு மீனவப் பெண் நான்கு வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, "பேச்சே வரல டீச்சர்" என்றாள். "வரும். வர்ற வரைக்கும் நீ பேசு" என்றாய். அவ்வளவுதான் உன் வைத்தியம். எல்லாக் குழந்தைக்கும் அது பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்குப் பலித்தது. இப்போது லீவு நாளில் அம்மாவோடு ஸ்டேஷன் ரோட்டில் இறால் கூடை வைத்து உட்காருகிறாள். போன வாரம் என்னிடம், "வாங்கறதுன்னா வாங்கு, சும்மா மோந்து பாத்துக்கினு நிக்காத" என்றாள். உன் மாணவி என்று உடனே தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெருமையாக இருந்தது.

போன மாதம் ஆலையில் என்னைச் சென்னைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனோதத்துவம் படித்த பேராசிரியர் ஒருவர் வந்தார். கரும்பலகையில் வரிசையாகக் கட்டங்கள் வரைந்தார். கைக்குழந்தை, சிறுபிள்ளை, வாலிபம், நடுவயது, முதுமை. ஒவ்வொரு வயதிலும் மனம் கற்கவேண்டியது ஒன்று உண்டாம். ஒன்றை முடித்தால் அடுத்தது. கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. படம் சுத்தமாக இருந்தது. நானே வரைந்த மாதிரி இருந்தது. அதனால்தான் எரிச்சல் வந்தது.

எழுந்து கேட்டேன். "சார், பதினோரு வயசுல அம்மா வேலை பார்த்து, முப்பத்தி நாலுல எட்டாங்கிளாஸ் படிச்சு, அப்புறம் ஒரு குப்பத்துக்கே டீச்சரான ஒருத்தரை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு டஸ்டரை எடுத்து, கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, அம்புகளின் முனைகளை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தார். "யார் அவங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன். அந்த ஹாலில் அன்று அதைவிட உரக்க யாரும் எதையும் சொல்லவில்லை.

இனி இன்றைக்கு வருகிறேன். என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்கிறார். மாமியார் கோயில் கோயிலாகப் போகலாம் என்கிறார். என் மனைவி ராத்திரியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எனக்குப் பயம் இல்லை என்று எழுத முடியாது. உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. மூணே முக்கா என்ற எண்ணைத்தான் தினமும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் வராமலும் போகலாம். அதுவும் எனக்குத் தெரியும்.

காலையில் வாட்சைப் பார்த்த பிறகு, உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்து அதைப் போட்டு மூடினேன். "எதுக்குங்க?" என்றாள் மனைவி. "நாளைக்குக் காத்தால எடுத்துக்கறேன்" என்றேன். ஷிஃப்ட் இன்று இரண்டாவது. வாட்ச் இல்லாமலே போகப்போகிறேன். சூப்பர்வைசர் கேட்டால் கேட்கட்டும்.

வாசலுக்கு வந்து மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "இப்ப அப்பா இந்தச் செருப்பைக் கழட்டப் போறேன். இது எந்தக் கால் செருப்பு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். தூரத்தில் ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"ஆமாம்மா, சரியா சொன்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த செருப்பை எடுத்தேன்.