செவலைக்கு என்ன கோபம்

8 நவம்பர் 1999, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். கால்நடை மருந்தகத்தில் கூட்டமில்லை. கழிச்சலோடு சில ஆடுகள். கோழிக்கான தடுப்பு மருந்து தீர்ந்துவிட்டது. நாமக்கல்லுக்குச் சொல்ல வேண்டும்.

மதியம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் சேலத்துக்குப் பேசினேன். விண்ணப்பித்திருந்த கல்லூரி வேலை எனக்கு இல்லையாம். கணவர்தான் விசாரித்துச் சொன்னார். கால்நடைகளின் நடத்தை பற்றி எம்.வி.எஸ்சி. படித்துவிட்டு இனியும் மலையில் ஊசி போட வேண்டியதுதான். "சரி" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான். வந்து அரிசி களைந்தேன்.

9, செவ்வாய்

தூறல். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊரிலிருந்து பழனியம்மா என்ற பெண் வந்திருந்தாள். போன மாதம் அவள் புருஷனை வீட்டு எருது முட்டிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது. எருதைக் கறிக்கு அனுப்பச் சொல்கிறான் கொழுந்தன். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

"மருந்தெல்லாம் வேணாமுங்க டாக்டரம்மா. ஒன்னே ஒன்னு தெரியோணும். கன்னுலிருந்து அவரு வளத்ததுங்க. அவரு மேல அதுக்கு என்னங்க கோவம்?"

இங்கே வந்த பிறகு நான் படித்த படிப்பைப் பற்றி ஒருவர் கேட்பது இதுவே முதல்முறை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாளை மறுநாள் வருகிறேன் என்றேன்.

குடைக் கம்பி உடைந்துவிட்டது.

11, வியாழன்

பாதி தூரம் பஸ், மீதி நடை. வீட்டுக்குப் பின்னால் கொட்டாயில் செவலை. பெரிய எருது. அமைதியாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. வெகுநேரம் சும்மா பார்த்தேன்.

வலப்பக்கமாகப் போனேன். முகர்ந்து, கையை நக்கியது. இடப்பக்கமாகச் சத்தமில்லாமல் போனதும் உடம்பு விறைத்துக் கொம்பை வீசியது. மயிரிழையில் தப்பினேன்.

கொழுந்தன் கத்தினான்: "பாத்தீங்களா? கொலகார மாடுங்க இது!"

எனக்கு நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

முன்னால் வந்து இடது கண்ணருகே விரலைக் கொண்டுபோனேன். இமைக்கவில்லை. வலது கண் இமைத்தது. இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழவில்லை, ஆனால் பார்வை இல்லை.

"கோபமில்லம்மா, பயம். இந்தக் கண்ணு அதுக்குத் தெரியல. யாரோ திடீர்னு பக்கத்துல வந்துட்டாங்கன்னு மிரண்டிருக்கு. உங்க வீட்டுக்காரர்னு அதுக்குத் தெரியாது."

"அதெப்படீங்க? தெனமும் அந்தப் பக்கமாத்தானே தீனி வெக்கப் போவாரு?"

"போகும்போது பேசுவாரா?"

"ஓயாம பேசுவாருங்க. 'வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்'னு கூப்பிட்டுக்கிட்டேதான்..."

எருதின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பேசலீங்க. காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. ஒரு வார்த்தை பேசாமத்தான் கொட்டாய்க்குப் போனாரு."

அவரைப் போலவே குரல் கொடுத்துக்கொண்டு கிட்டே போங்கள் என்றேன். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு, "லாரிய வர வேணாமுன்னு சொல்லிடறனுங்க" என்றான். டீ கொடுத்தாள். குடித்தேன்.

12, வெள்ளி

கண் விஷயத்தை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ? இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

சினைப் பரிசோதனைகள். சோப்பு, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

24, புதன்

வெயில். பழனியம்மா வந்தாள். செவலையை விற்றுவிட்டாளாம். கறிக்கு இல்லை. புளியஞ்சோலைப் பக்கம் ஒரு விவசாயிக்கு, உழவுக்கு.

"அது மேல கோவமில்லீங்க. கூப்பிட்டுக்கிட்டே போனா ஒன்னும் பண்ணல. ஆனா 'வந்துட்டேன் சாமி'ன்னு நாஞ் சொன்னா, அவருதான் வாராருன்னு அது வழியப் பாக்குதுங்க. தெனமும் என்னால ஆவல. கண்ணு தெரியாதுன்னு வாங்குனவங்ககிட்டச் சொல்லிட்டேன். பேசிக்கிட்டே போங்கன்னேன்."

உட்காரச் சொன்னேன்.

"அங்கயும் அவரத் தேடுமுங்களா?"

"தேடும். கொஞ்ச நாளைக்கு."

"சரிங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துபோனாள்.

உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை. வெளியே யாரோ கூப்பிட்டார்கள். முகம் கழுவிக்கொண்டு போனேன். வெள்ளாடு ஒன்று, முன்னங்கால் முறிவு.