கணக்கில் வராத தம்பி

மேலகரம்
ஜூலை 1964

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அக்காவுக்கு ஆதரவு என்று யாராவது உண்டா?

அக்காவுக்குக் கண் பார்வை போனதும் குற்றாலத்து லாட்ஜ் வேலையும் போய்விட்டது. ஆதரவற்ற முதியோர் பென்ஷனுக்கு நான்தான் மனு எழுதினேன், நம்பிக்கை இல்லாமலே. இன்று விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். அக்கா அவருக்குக் கலரும் முறுக்கும் வைக்கச் சொல்லிவிட்டு, "எந்தம்பி பம்பாயில பெரிய ஆபீசரு. மாசந்தவறாம பணம் அனுப்புதான்" என்றார்கள். அந்நியர் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அவர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேலே உள்ளதை எழுதியும் தபாலில் சேர்க்கவில்லை. மறுநாள் தென்காசி தாலுகா ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். உங்கள் கடிதம் கடைசியாக எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர்ட்டேருந்து பணம் வரலைன்னா சரிதான் டீச்சர். மகன், பேரன் இருந்தாத்தான் தள்ளுவோம். ஆச்சிக்குப் பிள்ளையே இல்லையே. தம்பி கணக்குல வராது. சிபாரிசு எழுதிடுதேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சாரலில் நனைந்துகொண்டே வந்தேன். வெகுநாளைக்குப் பிறகு நடை லேசாக இருந்தது. பென்ஷன் வரும் என்றதும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, அவன் அனுப்பலன்னு அங்கன சொல்லிட்டியா?"

"சொல்லவில்லை" என்றேன். இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலேயே இருப்பவள்