வெயிலில் காய்ந்த டிரம்

அம்மா,

இன்று காலை பிரிண்டர் தாளை இழுக்காமல் வெறும் சத்தம் போட்டது. மூடியைத் திறந்து, தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளையைக் கழற்றினேன். வழுக்கை விழுந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தேயாத பக்கம் தாளில் படும்படி ரப்பரைத் திருப்பி மாட்டினேன். முதல் தாள் சூடாக வெளியே வந்தது. இஸ்திரி போட்ட துணியும் கரியும் கலந்த மாதிரி ஒரு வாசம். உன் சேலையின் வாசம். தாளை முகத்தில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

"என்னலே, பேப்பருக்கு முத்தம் குடுக்கியா?" என்றார் அப்பா.

"எழுத்துப் பிழை பாக்கேன்ப்பா."

ஊராருக்குத் தாள் அடித்துக் கொடுக்க நீ அந்த பிரிண்டரைப் பாளையங்கோட்டை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தபோதே அதற்கு ரிட்டயர் ஆகும் வயது. ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. எது தேய்ந்தாலும் நீ புதிது வாங்கமாட்டாய். மை மங்கினால் கார்ட்ரிட்ஜைத் தொட்டில்போல ஆட்டி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாய். என்னைக்கூட அவ்வளவு பதமாக ஆட்டியிருக்கமாட்டாய்.

அந்த அசனப் பண்டிகை நினைவிருக்கிறதா? நம் சர்ச்சில் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்து தெரியாத வயதான பெண்களுக்காகப் பெரிய எழுத்தில் பாட்டுத்தாள் அடிக்க வேண்டும். பிரஸ்ஸில் கொடுக்கலாம் என்றார் பெண்கள் ஐக்கியத் தலைவி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "என் மிஷினு போதும் டீச்சர்" என்று நீ மல்லுக்கட்டி அந்த வேலையை வாங்கி வந்தாய்.

வெள்ளிக்கிழமை தாளெல்லாம் புள்ளி விழுந்தது. எழுத்தைத் தாளில் பதிக்கும் பச்சைக் குழலை, அதுதான் டிரம், வெளியே எடுத்தாய். ஈரத்துணியால் துடைத்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். மொட்டைமாடியில் சுளகில் காய்ந்த மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாய். நம் வீட்டில் தலையணை, தண்ணீரில் விழுந்த என் போன், என் இருமல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் வெயில்தானே. டிரம்முக்கு வெளிச்சமே ஆகாது என்று நம் இருவருக்குமே தெரியாது. நான் பள்ளிவிட்டு வந்து பார்த்தால், தாள்கள் முழுக் கறுப்பாக வந்துகொண்டிருந்தன.

"யம்மா, இது பாட்டா, அமாவாசையா?"

நீ சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு நீ சிரிக்காத முதல் நாள் அது. கடையில் கேட்டால் டிரம் திங்கட்கிழமை வரும் என்றார்கள். பண்டிகை ஞாயிறு. அந்த நேரம் பார்த்து வாசலில் டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. என் கையைப் பிடித்தாய்.

"லே, நீ காயப் போட்டேன்னு சொல்லு."

"நானா?"

"ஒன் பேரு ஏற்கெனவே கெட்டுத்தான கெடக்கு. இன்னும் ஒண்ணு சேர்ந்தா தெரியவா போவுது? எனக்கு மிஷினு தெரியும்னு நம்பித்தாம்லே தாறாவ. நான் செஞ்சேன்னு தெரிஞ்சா இனி ஒரு தாள் வராது."

நியாயம்தான். கோயில் வாசலில் பாடகர் குழுவின் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்தவன் நான்.

டீச்சர் கறுப்புத் தாளைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன பிள்ள?"

"நாந்தான் டீச்சர். வெயில்ல காயப் போட்டேன். டிரம் காஞ்சா நல்லா கொட்டும்னு நெனச்சேன்."

என் காது அவர் கையில் இருந்தது. "இவன வச்சுக்கிட்டு நீ எப்படி வேலை செய்யுத?" என்று உன்னிடம் கேட்டார்.

நீ தரையைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாய். "என்ன செய்ய டீச்சர், எனக்கு வாய்ச்சது அப்படி."

காதைவிட அது வலித்தது. எவ்வளவு சுத்தமான நடிப்பு!

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா பிரஸ்ஸுதான்" என்று சொல்லிப் போனார்.

நீ தூக்கிப் போடாத பழைய கார்ட்ரிட்ஜ்கள் கட்டிலுக்கடியில் மூன்று கிடந்தன. ஜன்னலில் போர்வையைக் கட்டி, அரை இருட்டில் ஒன்றின் டிரம்மைக் குறடால் கழற்றினோம். "பைய, பைய" என்று நீ சொல்லச் சொல்ல, ஓடுகிற கார்ட்ரிட்ஜில் நான் மாட்டினேன். எழுத்து வந்தது. கூடவே வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடும் வந்தது, டிரம் அங்கே தேய்ந்திருந்ததால். நீ பாட்டை இடப்பக்கம் தள்ளி வைத்து அடித்தாய். நான் கத்தரிக்கோலால் கோட்டை வெட்டி எறிந்தேன். எல்லாத் தாளையும். விரலில் காய்ப்பு விழுந்தது.

ஞாயிறன்று நீ பாடவே இல்லை. தாளை எட்டிப் பிடிக்காமல், மடியில் வைத்தே படிக்கும் அந்த வயதான பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பந்தியில் உன் இலைக் கறித்துண்டு என் இலைக்கு வந்தது. "நல்லாத்தாம்லே நடிச்ச" என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வருஷப் பாட்டுத்தாளை டீச்சர் என்னிடமே கொடுத்தார், காதைத் திருகிவிட்டு. "ஏலே, டிரம்ம மறுபடி வெயிலுக்குக் காட்டிராத."

காயப் போட்டது நான்தான் என்று அப்பாகூட இன்றுவரை நம்புகிறார். உண்மையைச் சொல்ல இப்போது எனக்குத் தடை ஏதும் இல்லை. வாய் வரை வந்தது. ஆனால் நான் செய்த சேட்டைகளுக்கெல்லாம் நீ ஊரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், கணக்கே இல்லாமல். உனக்காக நான் வாங்கிக்கொண்ட பழி இது ஒன்றுதான்.

"இனி செய்யமாட்டேன் டீச்சர்" என்றேன்.